சங்கிலி பிடித்த நாள்

வேப்பங்குட்டையில் அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடவில்லை. கொல்லையை அளக்க வேலூரிலிருந்து சர்வேயர் வருகிறார் என்று தெரிந்ததும் ஏர் பூட்டினவன் அவிழ்த்துவிட்டு வந்தான். உலை வைத்தவள் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அடுத்தவன் நிலத்தை அளப்பதைப் பார்ப்பதில் அப்படி ஒரு ஆசை நம் ஜனங்களுக்கு.

இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் சாலையில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கும் அமீர் பாஷா, செங்கல்வராயன் கொல்லைக்குக் கிழக்கே கிடந்த தரிசை வாங்கினார். வாங்கிய கையோடு புதுச் சுண்ணாம்புக் குழிகள் தோண்ட முளைக்குச்சி அடித்தார். கடைசிக் குச்சிக்கும் செங்கல்வராயனின் கிணற்றுக்கும் நடுவே எட்டு முழம்தான். ஊரில் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் ஊறுவது அந்த ஒரு கிணற்றில்தான். தோல் ஊறும் குழி அத்தனை பக்கத்தில் வந்தால் ஒரே மழைக்காலம், அப்புறம் அந்தத் தண்ணீரை மாடுகூட மோந்து பார்க்காது.

நிலத்தை விற்றவர், கிணற்றோரம் வேப்பமரத்தடியில் இருக்கும் அம்மன் கல்தான் எல்லை என்று கையைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். எல்லை அங்கே இல்லை, கிழக்கே ஓடைக்கரையில் என்று செங்கல்வராயனின் அப்பா சாகும்போது சொல்லியிருந்தார். அந்த ஓடையோ தூர்ந்து மண்ணோடு மண்ணாகிப் பல வருஷம் ஆகிறது. கடைசியில் சர்வே கல் எங்கே இருக்கிறதோ அதற்கு இரண்டு பேரும் கட்டுப்படுவது என்று பேசி முடிவானது.

இதில் இன்னொரு பேஜாரும் இருந்தது. செங்கல்வராயனின் தம்பி கங்காதரனுக்கு அமீர் பாஷாவின் ஷாப்பில்தான் கிளார்க் வேலை. குச்சி அடித்த அன்று கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவன் அவன். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. ஒருவன் முன்கட்டில் சாப்பிட, ஒருவன் பின்கட்டில் சாப்பிட, ஒருவனுக்கு உப்பு வேண்டுமென்றால்கூட மற்றவன் காதில் விழுகிற மாதிரி செங்கல்வராயனின் மனைவி பூங்காவனத்திடம் கேட்பார்கள். மூன்று வாரமாக முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்து நடந்து அவளுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது.

பூங்காவனம் அன்று காலையில் வேப்பமரத்தடிக்குப் போய் அம்மனுக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்துவிட்டு, கிணற்றடியில் நின்றுகொண்டாள். "கெணறு எங்களுக்கு நிக்கணும். தம்பியும் எங்களுக்கு நிக்கணும், தாயே" என்று வேண்டிக்கொண்டாள். இரண்டில் ஒன்று போனாலும் அவளால் தாங்க முடியாது.

ஒன்பது மணி பஸ்ஸில் சர்வேயர் சுப்பராயன் வந்து இறங்கினார். ஊரே வாயைப் பிளந்தது, ஏமாற்றத்தில். பெரிய தொப்பியும் பூட்ஸுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவரோ ஒல்லியாக, சாயம் போன கோட்டும் கிழிந்த குடையுமாக, இருமிக்கொண்டே வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் இரும்புச் சங்கிலியும் கொடிக் கம்பும் தூக்கி வந்தார்கள்.

"மோர் இருக்குமாம்மா?" என்பதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

மோரைக் குடித்துவிட்டு, துணி ஒட்டிய ஒரு பழைய காகிதத்தைக் கயிற்றுக் கட்டிலில் விரித்தார். மெல்லிய கோடுகள், அவற்றின் ஓரத்தில் எறும்பு மாதிரி எண்கள். பூங்காவனம் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். தினமும் அவள் மிதித்து நடக்கிற கொல்லை, கிழிசலும் மடிப்புமாக அங்கே கிடந்தது.

"இது எப்ப எழுதினதுங்க?" என்று அமீர் பாஷா கேட்டார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. ஐம்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப நான் பொறக்கவே இல்ல" என்றார் பாஷா.

"நானும்தான். அளந்தவர் இருந்தார், அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சர்வேயர் எழுந்தார்.

நூறு கண்ணி கோத்த சங்கிலி அது. இழுத்துப் பிடித்தால் அறுபத்தாறு அடி. வடக்கே ஊர்ப் பாதை ஓரமிருந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கினார்கள். முன்னால் ஒருவன் இழுத்துக்கொண்டு போக, பின்னால் ஒருவன் கூவ, கொடிக் கம்பை ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சர்வேயர் "இடது, இன்னும் இடது, நில்" என்றார். ஓர் இடம் வந்ததும் காகிதத்தைப் பார்த்தார். குடையின் நுனியால் தரையில் குத்தினார். அங்கே ஆள் உயரத்துக்குக் கறையான் புற்று.

"இதுக்குள்ள முதல் கல் இருக்கணும். வெட்டுங்க."

"புத்துல பாம்பு இருக்கும் சார்" என்றான் ஒருவன்.

"பாம்பு இருந்தா ஓடிடும். கல் ஓடாது."

கடப்பாரை மூன்று தடவை உள்ளே போனது. நாலாவது தடவை ணங்கென்று ஒரு சத்தம் வந்தது. மண்ணைத் தள்ளினால், சதுரமாகக் கொத்திய கருங்கல், அதன் தலையில் கூட்டல் குறி போல ஒரு வெட்டு. நேற்று நட்டது போல நிமிர்ந்து நின்றது.

பூங்காவனத்துக்குக் கை கால் சிலிர்த்தது. கல்யாணமாகி வந்த பதினெட்டு வருஷத்தில் எத்தனை தடவை அந்தப் புற்றைச் சுற்றிப் போயிருப்பாள்! உள்ளே ஒரு கல் இப்படிக் காத்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரியாது. எங்கோ வேலூரில் ஒரு பீரோவுக்குள் கிடந்த காகிதத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது கல் இன்னும் வேடிக்கை. சங்கிலி நேராக, தோல் பதனிட அமீர் பாஷா கொட்டிவைத்திருந்த ஆவாரம்பட்டைக் குவியலுக்குள் போய் முட்டியது. பட்டையை வாரித் தள்ள ஆட்களுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. பாஷாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை தூக்கினார். கீழே சர்வேயர் காலால் போட்ட கோட்டுக்கு நாலு விரல் தள்ளி, அதே மாதிரி கல், அதே கூட்டல் குறி.

"சுபானல்லா!" என்று பாஷா நெஞ்சில் கை வைத்தார். "என் பட்டைக்கு அடியில இருக்குதுன்னு எனக்கே தெரியாதே! சார், உங்களுக்கு எதனா மந்திரம் தெரியுமா?"

சர்வேயர் முதல் தடவையாகச் சிரித்தார். காகிதத்தின் மூலையிலிருந்த மங்கிப்போன ஒரு கையெழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க. இவர்கிட்டதான் எல்லாம். பேருகூடப் புரியலை. வெயில்ல நின்னு ஒழுங்கா வேலை செஞ்சிட்டுப் போயிட்டார். நான் அவர் காலடியைப் பார்த்து நடக்கிறேன், அவ்வளவுதான்."

செங்கல்வராயனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கல்லுமே அவன் அப்பா சொன்ன ஓடைக்கரைப் பக்கம்தான் இருந்தன. இனி மூன்றாவது கல். கிணற்றுக்கு நேர் கிழக்கே, எல்லை வளைகிற மூலை. அதுதான் கிணற்றின் உயிர்.

இரண்டு கல்லுக்கும் நடுவே கொடி நட்டுச் சங்கிலி பிடித்தார்கள். பாதி வழியில் சர்வேயர் நிறுத்தி, கீறல் போட்ட ஒரு மரக்கட்டையைக் கழியில் வைத்து அதன் வழியே பார்த்தார். அங்கிருந்து கிழக்கே திரும்பி அளந்து, ஓர் இடத்தில் நின்றார். காகிதத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இங்கதான். தோண்டுங்க."

ஒரு முழம் தோண்டியும் சத்தம் வரவில்லை. இரண்டு முழம் தோண்டியும் வரவில்லை. சர்வேயர் தாமே குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணை வாரினார். சுற்றிலும் கெட்டியாக இடித்துச் செருகிய சல்லிக் கல். நடுவே மட்டும் பொலபொலவென்று மண். கல் நின்ற இடம் அச்சு மாதிரி சதுரமாக இருந்தது. கல்லைத்தான் காணோம்.

அவர் மேலே ஏறி வந்தபோது முகம் மாறியிருந்தது. "இடம் சரி. கல் இங்கதான் நின்னிருக்கு. யாரோ பிடுங்கியிருக்காங்க. சர்க்கார் கல்லைப் பிடுங்கறது குத்தம். நான் எழுதித்தான் ஆகணும்."

"இன்னாத்துக்கு யோசனை பண்றீங்க?" செங்கல்வராயன் துள்ளி முன்னால் வந்தான். "இந்தத் தரிசைச் சுத்தம் பண்ணது யாரு? ஆளு வச்சி முள்ளு வெட்டினது யாரு? பாய் மேல நான் சொல்லமாட்டேன். ஆபீஸ்ல உக்காந்துனு எந்தக் கல்லு எங்க கீதுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான். எழுதிக்குங்க சார். கங்காதரன்."

கங்காதரன் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு அண்ணன் வாயால் தன் பேரைக் கேட்கிறான், கேட்டது இப்படி.

"நான் புடுங்கலைண்ணே" என்றான்.

"செங்கல்வராயா, அவசரப்படாதே. தம்பி அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்று பாஷா குறுக்கே வந்தார்.

பூங்காவனம் இது எதையும் கேட்கவில்லை. அவள் கண் அந்தச் சதுரக் குழியிலேயே இருந்தது. அந்த இடம். ஓடைக்கரை.

அவள் புதுப் பெண்ணாக வந்த வருஷம் அது. மாமியார் பட்டம்மாள் செவ்வாய்தோறும் விடியலில் அவளை ஓடைக்கரைக்கு அழைத்துப் போவாள். அங்கே தனியாக ஒரு கல் நிற்கும். பூங்காவனம் வருவதற்குப் பல வருஷம் முன்பு, அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்ட பிறகுதான் வரிசையாக நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்த பட்டம்மாளுக்குக் கங்காதரன் பிறந்து தங்கினான். வீட்டுப் பெண்கள் மட்டும் செய்கிற பூசை. ஆண்கள் அந்தப் பக்கம் தலை காட்டக்கூடாது, ஊரிலும் சொல்லக்கூடாது.

அந்த வருஷ மழையில்தான் கிழக்கே எங்கிருந்தோ தோல் கழுவின தண்ணீர் ஓடையில் இறங்கி, அம்மன் காலை நனைத்தது. பட்டம்மாளுக்குத் தாங்கவில்லை. ஆண்கள் மாடு வாங்க அரக்கோணம் போயிருந்த நேரம் பார்த்து, மாமியாரும் மருமகளும் கடப்பாரையால் நெம்பிக் கல்லை எடுத்தார்கள். கிணற்றில் நீர் இறைக்கிற பழைய தோல் சாலில் அதைக் கிடத்தி, கயிறு கட்டி இழுத்துவந்து, கிணற்றோரம் வேப்பமரத்தடியில் நட்டார்கள். ஆண்கள் திரும்பி வந்து கேட்டபோது, "அம்மா பூமியப் பொளந்துனு தானா வந்துட்டா" என்றாள் பட்டம்மாள். ஊரே திரண்டு பொங்கல் வைத்தது. பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பட்டம்மாள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. இன்று அந்தப் பொய் தெரிந்தவள் இவள் ஒருத்திதான்.

சொன்னால் என்ன ஆகும்? செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கல்லுக்குப் பால் கொண்டு வருகிற பெண்கள் இவளை என்ன செய்வார்கள்? புருஷன் முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டாலும் கிணறு தப்பிவிடும், குழியே சாட்சி. ஆனால் எந்தக் கல்லால் பிறந்தானோ அந்தக் கல்லையே திருடினான் என்று கங்காதரன் பேர் சர்க்கார் காகிதத்தில் ஏறும்.

சர்வேயர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்க சார்!"

தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. இத்தனை ஆண்கள் நடுவே அவள் வாய் திறந்ததில்லை.

"தம்பி புடுங்கலை. நான்தான் புடுங்கினேன். நானும் எங்க அத்தையும்."

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்று செங்கல்வராயன் கத்தினான். "கல்ல புடுங்கி இன்னா பண்ணே? எங்க அது?"

பூங்காவனம் வேப்பமரத்தடியைக் கைகாட்டினாள். "தெனம் கும்புடுறீங்களே. அதோ."

நடந்ததை அவள் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

சர்வேயர்தான் முதலில் நகர்ந்தார். வேப்பமரத்துக்குப் பத்தடி இருக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டார். அம்மன் முன் நின்று கும்பிட்டார். பிறகு மெதுவாக, "நாங்க யாரும் தொடக்கூடாதும்மா. நீங்களே கழுவுங்க. தலையை மட்டும் பார்த்தாப் போதும்" என்றார்.

பூங்காவனம் கிணற்றில் நீர் சேந்தினாள். சீயக்காயும் புளியும் கொண்டுவரச் சொன்னாள். பதினெட்டு வருஷத்து மஞ்சளும் எண்ணெயும் அம்மன் தலையில் ஒரு தோலாகவே படிந்திருந்தன. தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கரைந்து அவள் முழங்கை வழியே ஓடியது. அழுகிறோம் என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. "மன்னிச்சிக்கோ தாயே" என்று முனகிக்கொண்டே தேய்த்தாள்.

மூன்றாவது குடம் ஊற்றியபோது கருங்கல் தெரிந்தது. நாலாவது குடத்தில், நடு உச்சியில், கூட்டல் குறி போல ஒரு வெட்டு.

சர்வேயர் குனிந்து பார்த்தார். கல்லின் சதுரத்தை ஒரு குச்சியால் அளந்தார். குழிக்குப் போய் அதே குச்சியை அச்சில் வைத்தார். நூல் பிசகவில்லை.

"யா அல்லா" என்றார் பாஷா, மூச்சு விடுகிற மாதிரி. அவரும் செருப்பைக் கழற்றியிருந்தார். "நாம சண்டை போட்டுனு இருந்தோம். அம்மா எல்லைய தலையில வச்சினு நடுவுல உக்காந்துனு இருந்திருக்கா. எனக்கு வித்தவன் சொன்னதும் பொய்யில்ல. அம்மா கல்லுதான் எல்லை. எடம்தான் மாறிப்போச்சு."

பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மன் வெறும் கல்லாகிவிட்டாளே என்ற பயம் அவளுக்கு வரவில்லை. அம்மன் இப்போதுதான் முன்னைவிடப் பெரியவளாகத் தெரிந்தாள். இந்த மண்ணுக்குக் காவலாக யாரோ ஒரு புண்ணியவான் நிறுத்திவிட்டுப் போனவளை, நல்லது செய்வதாக நினைத்து வேலையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டோமே! அவள் நகர்ந்ததும் எல்லை அவள் பின்னாலேயே நகர்ந்து வந்து, அவளுக்கு நீர் வார்த்த கிணற்றையே விழுங்கப் பார்த்திருக்கிறது.

வேப்பமரத்துக்கும் குழிக்கும் நடுவே சங்கிலி பிடித்தார்கள். எண்பத்தொரு கண்ணி, ஐம்பத்து மூன்று அடி. கிணறு முழுசாக இந்தப் பக்கம். பாஷா யாரும் சொல்லாமலே போய் முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "என் குழிய இன்னும் அப்பால கொண்டுபோறேன், தங்கச்சி. அந்தத் தண்ணியில நானும் ஒரு வாய் குடிச்சிருக்கேன்" என்றார்.

சர்வேயர் காகிதத்தை மடித்தார். "கல் இன்னைக்கே பழைய குழிக்குப் போகணும். எழுதறதை எழுதித்தான் ஆகணும்மா. தெரியாம செஞ்சதுன்னு சேர்த்து எழுதறேன். தாசில்தார் கூப்பிட்டா நீங்க வந்து சொல்லணும். அப்புறம் ஒண்ணு. இனிமே தலை மேல எதையும் பூசக்கூடாது. குறி எப்பவும் தெரியணும்."

பூங்காவனம் தலையாட்டினாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. செங்கல்வராயன் அவளைத் தாண்டிப் போய், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லைச் சுற்றி மண்ணை வெட்டினான். சாய்த்தான். ஒரு பக்கம் கையைக் கொடுத்துத் தூக்கினான். கல் அரை அடி எழும்பி மறுபடி உட்கார்ந்தது. இன்னொரு தடவை தூக்கினான், நரம்பு புடைத்தது. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள்.

"நீங்க யாரும் வேணாம்" என்றான். குனிந்தபடியே, யார் முகத்தையும் பார்க்காமல், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டேய் கங்கா. வந்து அந்தப் பக்கம் புடி."

கங்காதரன் உடனே வரவில்லை. அவன் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் பூங்காவனத்துக்கு மூன்று வாரத்தைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு சட்டையைக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு வந்து குனிந்தான். "நீ ஒடம்ப வளைக்காதண்ணே, உனக்கு இடுப்பு ஆவாது" என்றான்.

"வாய மூடினு தூக்குடா" என்றான் செங்கல்வராயன். அவன் கண் கலங்கியிருந்தது.

இரண்டு பேருமாக அம்மனைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். பாதி தூரம் போயிருப்பார்கள். ஊர்ப் பாதையில் புழுதி எழும்பியது. பக்கத்து ஊர்களுக்கு யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைப் பால் செம்புகளோடு முப்பது நாற்பது பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், நடையில் கோபத்தோடு. முன்னால் வந்தவள் தனபாக்கியம். போன மாசம் வேலூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த மகளை இடுப்பில் வைத்திருந்தாள்.

அண்ணன் தம்பி கல்லோடு நின்றுவிட்டார்கள். சர்வேயர் குடையை விரித்தார், மடக்கினார். பூங்காவனம் கொழுந்தன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரக் கையோடு, தனியாக அந்தப் பெண்களுக்கு எதிரே நடந்தாள்.

தனபாக்கியத்தின் கண் மஞ்சள் இல்லாத, பூ இல்லாத அந்தக் கருங்கல்லின் மேல் நிலைத்தது. "ஏண்டி பூங்காவனம், பூமியப் பொளந்துனு வந்த தெய்வம்டி அது! உங்க கெணத்துக்காக எங்க அம்மாவ எங்கடி எடுத்துனு போறாங்க?"

ஒரு செம்பும் கீழே இறங்கவில்லை.

"அவ தானா வரலக்கா. இழுத்துனு வந்தவ நான்தான்" என்றாள் பூங்காவனம். "அவ எடத்துக்கு அவளத் திருப்பிக் கொண்டுபோறோம். என்ன அடிக்கணும்னா அடிங்க. ஆனா வழிய விடுங்க, அவ வெயிட்டு தாங்காம எங்க வீட்டு ஆம்பளைங்க நிக்கிறாங்க."